மொழிபெயர்ப்பாளர் பயிற்சியும் எதிர்மறைத் தொடர்களும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாக மேற்கொள்ள விழைவோர்க்கு அளிக்கப்படும் பயிற்சி, பெரும்பாலும் கலைச்சொல்லில் தொடங்கிக் கலைச்சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. தேர்வும் அவ்வாறே. பத்தி ஒன்றை மொழிபெயர்க்கச் செய்து, சொற்கள் பொருந்தியுள்ளனவா என நோக்கி மதிப்பெண் இடுகின்றனர். ஆனால் பொருளை முற்றாகப் புரட்டிவிடுவன சொற்களைவிட இலக்கணக் கூறுகளே என்பதற்குச் சட்டத் தமிழ் தக்க சான்றாகும்.

உரிமம் ஒன்றைப் பிறர்க்கு மாற்றித்தர முன்னனுமதி வேண்டும் என்னும் விதியைக் கொள்வோம். ஆங்கில மூலத்தில் இது ‘அன்லெஸ்’ என்னும் இணைப்புச் சொல்லுடன் அமையும். பயில்வோர் சிலர் இதனை ‘முன்னனுமதி பெறாவிட்டாலொழிய உரிமத்தை மாற்றக்கூடாது’ என எழுதுகின்றனர். ஆங்கிலச் சொல்லில் எதிர்மறை உறைந்திருப்பதை அறிந்தவர், அதனைத் தமிழ் வினையிலும் ஏற்றிவிடுகிறார். ‘ஒழிய’ என்பதே விலக்கைக் குறிப்பதால், அனுமதி பெறாதவர் மட்டுமே மாற்றலாம் என்று பொருள்படுகிறது! ‘பெற்றாலொழிய’, ‘பெற்றாலன்றி’ என்பனவே உரிய வடிவங்கள். மூலத்தை அருகில் வைத்துத் திருத்துவோர், தாம் எதிர்பார்க்கும் பொருளையே தமிழிலும் படித்து மேலே சென்றுவிடுகின்றனர். ‘உரிமம்’ என்னுமிடத்தில் ‘லைசென்ஸ்’ என்றிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும்.

‘-லாம்’ ஈறும் இத்தகையதே. அது இசைவையும் ஐயத்தையும் ஒருங்கே உணர்த்தும். ‘மே நாட்’ என மூலம் தடுக்கும் இடத்தில் ‘மேல்முறையீடு செய்யாமலிருக்கலாம்’ என்றெழுதினால், தடை விருப்பமாகிவிடுகிறது. ‘செய்யலாகாது’ என்பதே அங்கு வேண்டுவது.

இவை வெறும் இலக்கண நுணுக்கங்கள் அல்ல. 1973ஆம் ஆண்டின் அதிகாரமுறைப் பாடங்கள் (மத்தியச் சட்டங்கள்) சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் மாநில மொழிப் பெயர்ப்பு அம்மொழியில் அதிகாரமுடைய பாடமாகக் கருதப்படும். மொழிபெயர்ப்பாளரின் எதிர்மறை அங்கே சட்டத்தின் எதிர்மறையாகிவிடும்.

1971இல் அமைக்கப்பட்ட மத்திய மொழிபெயர்ப்புச் செயலகம் முறையான பயிற்சி தருகிறது. எனினும் அது முதன்மையாக ஆங்கிலம்–இந்தி இணைக்குரியது. த. நா. குமாரஸ்வாமி வங்காளத்திலிருந்தும் கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்தும் நேரடியாகப் பெயர்த்தனர் என்பதைக் காட்டி, பயிற்சியே வேண்டா என்பாரும் உளர். அவர்கள் பெயர்த்தது இலக்கியம். அன்றியும் அவ்விரு மொழிகளும் தமிழைப் போலவே வினையை இறுதியில் கொள்வன. ஆங்கிலத் தொடர் தரும் இடர்ப்பாடு அங்கு அவ்வளவாக இல்லை.

இன்று முதற்படியைக் கணினியே தந்துவிடுவதால், திருத்தும் பயிற்சியே முதலிடம் பெறவேண்டும். பயில்பவரின் தமிழ்ப் படியை மூலம் அறியாத ஒருவரிடம் கொடுத்து, யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது எனக் கேட்டு எழுதச் செய்யலாம். அவ்விடைகளை மூலத்துடன் ஒப்பிட்டு, பிழை நேர்ந்த விகுதியைப் பயில்பவரே கண்டெடுத்துத் திருத்திய பின்னரே மதிப்பெண் இடுதல் வேண்டும்.