வேலியின் இரண்டு பக்கம்: 'வீடு', 'ஏறுவெயில்', ஒரு மூலப்பத்திரம்

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எங்கள் தெரு காலியாகிவிடும். அயனம்பாக்கத்தில் பெயர் 'நகர்' என்று முடிகிற எல்லா இடத்திலும் இதே கதைதான். திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று ஆளாளுக்கு 'ஊருக்கு'க் கிளம்பிவிடுவார்கள். இந்த வருடம் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் நாங்கள் போகவில்லை. காலையில் பால் ஊற்ற வந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊருக்குப் போவலியா?" என்று கேட்டார்.

13 வருடமாக இங்கே இருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அயனம்பாக்கம்தான். அவர் கேட்டதில் துளிக்கூடக் கிண்டல் இல்லை. அவரைப் பொறுத்தவரை ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற பழைய தெருக்கள் 'கிராமம்', நாங்கள் இருப்பது 'நகர்'. நகர்க்காரனுக்கு ஊர் என்பது வேறெங்கோதான் இருக்க வேண்டும். சரிதானே?

லீவு நாட்களில் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைத் திரும்பப் பார்த்தேன். பெருமாள்முருகனின் முதல் நாவலான 'ஏறுவெயில்' புத்தகத்தையும் திரும்பப் படித்தேன். ஒன்று 1988, இன்னொன்று 1991. இரண்டையும் இருபது வயதுகளில் தனித்தனியாக ரசித்தவன் நான். இந்தத் தடவை அடுத்தடுத்து எடுத்ததில் ஒரு சங்கடம் வந்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக. வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகும் சாலையில் பாதி வழியில் அயனம்பாக்கம். பெரிய ஏரி ஒன்று உண்டு. வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, அறுபதுகளில் வந்தது. கிழக்கே முகப்பேர். அங்கே வீட்டு வசதி வாரியம் போட்ட மனைப்பிரிவுக்கு 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்றே பெயர். முகவரியிலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிற குடியிருப்பு உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை! என் ஆபீஸ் தரமணியில், ஏறக்குறைய 25 கிலோமீட்டர். காலை 7 மணிக்கு வானகரம் சந்திப்பில் கம்பெனி பஸ் ஏறினால், திரும்ப ராத்திரி 8.30, 9 ஆகும். அயனம்பாக்கம் ஏரியை நான் வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறு மட்டும். இப்படி வந்து படுக்க மட்டுமே ஆன ஊருக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. ஆங்கிலத்தில் 'கம்யூட்டர் வில்லேஜ்' என்கிறார்கள்.

அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் ரே பால் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிடைத்தார். லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கிராமங்களில் குடியேறி, தினமும் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போனவர்களை ஆராய்ந்து 1965இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்வதன் சாரம் இது: வந்தவர்கள் குடியேறுவது நிஜமான கிராமத்துக்குள் அல்ல, தங்கள் மனதுக்குள் இருக்கிற ஒரு கிராமத்துக்குள். அதைத் தேடி வந்து இறங்குவதாலேயே அங்கே ஏற்கனவே இருந்ததைக் கலைத்துவிடுகிறார்கள். எங்கள் மனைப்பிரிவு விளம்பர நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. தென்னை மரம், ஏரி, இரண்டு கொக்கு. பால் அதைப் பார்த்திருந்தால் அட்டைப்படமாகவே போட்டிருப்பார்.

இனி 'வீடு'. சுதா (அர்ச்சனா), தங்கை, தாத்தா மூன்று பேர். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டலாம் என்று யாரோ சொல்ல, ஆரம்பிக்கிறது பாடு. பணம், அனுமதி, மழை, சிமென்ட் திருடும் காண்ட்ராக்டர். சித்தாள் மங்கம்மாதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிற காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பின்னணியில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. பூசாத சுவரைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அதன் பிறகு அவர் இல்லை. கடைசியில் அந்த மனையைக் குடிநீர் வாரியம் ஏற்கனவே கையகப்படுத்தியிருக்கிறது என்று தெரியவருகிறது.

வீட்டுக் கடன் வாங்கிய எவரும் இந்தப் படத்தை விலகி நின்று பார்க்க முடியாது. நானும் ஸ்லாப் போட்ட அன்று வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன்தான். தமிழில் நகர்க்காரனுக்காக எடுக்கப்பட்ட ஒரே நேர்மையான படம் இதுதான் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

'ஏறுவெயில்' இதே கதையை மறுபக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கொங்குப் பகுதி. செல்வன் என்ற பையனின் குடும்ப நிலம் குடியிருப்புக் காலனி கட்டுவதற்காகப் போய்விடுகிறது. நாவலின் பலம் நிலம் போவதைக் காட்டுவதில் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு பணம் வீட்டுக்குள் நுழைவதைக் காட்டுவதில் இருக்கிறது. நிலமாக இருந்தவரை உறவுகளை ஒன்றாகக் கட்டிவைத்த ஒன்று, பணமானதும் ஆளுக்கு ஆள் சந்தேகமாக மாறுகிறது. பொறாமை, பேராசை, சண்டை. நிலம் இழந்தவர்களைப் புனிதர்களாக்கி நம்மை அழ வைக்கிற சுலபமான வழியை ஆசிரியர் எடுக்கவில்லை. 25 வயதில் எழுதிய முதல் நாவலில் இந்த நிதானம் சாதாரண விஷயம் இல்லை. சா. கந்தசாமியின் 'சாயாவன'த்திலும் (1969) கரும்பாலைக்காக ஒரு காடு அழிகிறது. ஆனால் அங்கே கதை அழிப்பவனோடு நடக்கிறது. இங்கே கதை நடப்பது, கண்ணெதிரே அழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையனோடு.

சங்கடம் எங்கே என்றால், 'ஏறுவெயில்' படிக்கும்போது நான் யார்? இருபது வயதில் தயங்காமல் செல்வன் பக்கம் நின்றேன். இப்போது அப்படி நிற்க முடியவில்லை. அந்தக் காலனியில் வந்து குடியேறப்போகிறவன் நான். செல்வன் எட்ட நின்று பார்க்கிற அந்தச் சுவர்களுக்கு உள்ளே இருப்பவன். நாவல் அந்தச் சுவருக்குள் போவதில்லை. காலனிக்காரர்கள் செல்வனின் பார்வை எட்டுகிற தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை வாடகை வீடு மாறினார்கள், எவ்வளவு கடன் என்பது நமக்குத் தெரியாது. நாவலுக்கு அது தேவையும் இல்லைதான். ஆனாலும் எனக்குக் குறையாகப் பட்டது.

உடனே 'வீடு' பக்கம் திரும்பினால் அங்கேயும் அதே குறை, தலைகீழாக. வளசரவாக்கத்து மனை படத்தில் எப்படி வருகிறது? தாத்தாவிடம் இருக்கிறது, அவ்வளவுதான். வானத்திலிருந்து விழுந்த மாதிரி. அதற்கு முன் அங்கே யார் என்ன பயிர் வைத்தார்கள், என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. நிலத்தை இழப்பது எவ்வளவு கொடுமை என்று காட்டுகிற படம், அந்த நிலத்தை ஏற்கனவே ஒருவர் விட்டுக் கொடுத்திருப்பார் என்பதை யோசிக்கவே இல்லை. மங்கம்மா வரும் காட்சிகளில் மட்டும் எனக்கு மனசு நின்றது. இவள் எந்தக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள், எப்போது செங்கல் தூக்க வந்தாள்?

(ஒரு இடைச்செருகல். 'கழனி' என்ற சொல்லை நான் இங்கே வந்துதான் பேச்சில் கேட்டேன். எங்கள் தெற்கத்திப் பக்கம் வயக்காடு. இங்கே பெரியவர்கள் எல்லோரும் கழனி என்றுதான் சொல்கிறார்கள். எங்களுக்குப் பாட்டிலும் பாடப்புத்தகத்திலும் இருந்த சொல் இவர்கள் வாயில் சாதாரணமாக வருகிறது. கழனிதான் இல்லை.)

மங்கம்மாவைப் பற்றி இன்னொன்று. நிலம் விற்றவருக்குக் குறைந்தபட்சம் பணம் வந்தது. அந்த நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. 'ஏறுவெயில்' நிலம் வைத்திருந்த குடும்பத்தின் துயரம். கதையின் பாரம் முழுக்க அவர்கள் மேல்தான் இருக்கிறது. 'காலனி' என்ற சொல்லையே பாருங்கள். நாவலில் அது மாதச் சம்பளக்காரர்கள் குடியேறுகிற புது இடம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே சொல்லுக்குத் தலித் மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதி என்று பொருள். அந்தப் பொருள் வசையாகவே மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரே சொல்லின் ஒரு பொருளைத்தான் நாவல் எடுத்துக்கொள்கிறது, மற்றதை விட்டுவிடுகிறது.

ஆக, படம் வேலிக்கு இந்தப் பக்கம், நாவல் அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்கிற தமிழ்ப் பிரதி ஏதாவது உண்டா என்று யோசித்தேன். அலமாரியில் இருந்தது. என் மனையின் மூலப்பத்திரம்.

மென்பொருள்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: வில்லங்கச் சான்று என்பது நிலத்தின் 'கிட் லாக்'. யார், எப்போது, எதை, யாருக்கு மாற்றினார் என்று வரிசையாக இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். கடன் வாங்கும்போது வங்கி வக்கீல் கேட்டதால் எடுத்தேன், அப்போது படிக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு உட்கார்ந்து ஒரு நாவல் மாதிரி படித்தேன். முதலில் நஞ்சை, ஏக்கர், சென்ட். அப்புறம் பொது அதிகாரம் பெற்ற ஒருவர் வருகிறார். அவருக்குப் பிறகு ஏக்கர் காணாமல் போய் மனை எண், கிரவுண்டு. என்னிடம் வரும்போது வெறும் சதுர அடி. அளவு சுருங்கச் சுருங்க விலை ஏறுகிறது. சர்வே எண் மட்டும் பின்னால் உட்பிரிவு வால் முளைத்து நீள்கிறது.

பழைய பத்திரத்தில் 'எழுதிக் கொடுப்பவர்' பக்கத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் தட்டுத் தடுமாறிக் கையெழுத்து. மூன்று இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. வாங்குபவர் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று, எல்லாப் பத்திரத்திலும் வருகிற அதே வாசகம். இதை எழுதிய எழுத்தருக்கு இலக்கிய ஆசை எதுவும் இருந்திருக்காது. ஆனால் கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே தாளில் நிற்க வைத்திருக்கிறார். பாலு மகேந்திராவும் பெருமாள்முருகனும் அதைச் செய்யவில்லை. எழுத்தர் விட்டது ஒன்று உண்டு: எதற்காக விற்றார்கள். 'குடும்பச் செலவுக்காகவும் இதர அவசியங்களுக்காகவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 'ஏறுவெயில்' மொத்தமும் அந்த 'இதர'வுக்குள் இருக்கிறது.

அந்த ஐந்து பேரின் பெயருக்குப் பின்னாலும் 'அயனம்பாக்கம் கிராமத்தில் வசிக்கும்' என்று இருக்கிறது. அதில் ஒரு பெயர் பால்காரப் பெரியவரின் பெயர். பொதுவான பெயர்தான், இந்தக் கிராமத்திலேயே நாலு பேருக்கு இருக்கலாம். தகப்பனார் பெயரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. ஆராய்ச்சி ஆர்வம் என்று கல்வெட்டையும் கெஜட்டியரையும் புரட்டுகிற ஆள். தினமும் வாசலில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

விலைக்குத்தானே வாங்கினேன், யாரையும் விரட்டவில்லையே என்று எனக்கு நானே வாதாடியும் பார்த்தேன். வாதம் தப்பில்லை. செல்வன் குடும்பத்திடம் எடுத்துக்கொண்டார்கள், இங்கே விற்றார்கள். பெரிய வித்தியாசம். ஆனால் சுற்றிலும் மனை விழுந்து, கால்வாய் தூர்ந்து, மதகு திறந்தாலும் தண்ணீர் வராத ஒரு துண்டுக் கழனியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்திருப்பார் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கதை, அதாவது யாரும் பிடுங்காமல் தானாகவே போய்விடுகிற நிலத்தின் கதை, தமிழில் இன்னும் முழுசாக எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் படித்திருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கிவிடுகிறேன்.

போகியன்று சாயங்காலம் 'வீடு' ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் பால் கொண்டு வந்தார். டிவியில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் எடுக்க நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் வாசற்படியில் நின்றபடியே பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"இது எந்த எடம் சார்?"

"வளசரவாக்கம்னு காட்டுறாங்க. பழைய படம்ங்க ஐயா."

"வளசரவாக்கமா? அந்தப் பக்கமெல்லாம் அப்ப கழனியாத்தான் கெடந்துச்சு." கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரு நெலம் இது?"

"அதோ, அந்தத் தாத்தாவோடது."

"அவுருக்கு முன்னாடி?"

படத்தில் அது வராது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே அரை லிட்டர் ஊற்றினார். மாட்டுப் பொங்கலன்னிக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வரக் கொஞ்சம் லேட்டாகும், அதற்காகப் பாக்கெட் பால் வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.