எந்த நூற்றுக்கு நூறு?

பாடாங் செராய் பாசார் மாலாமில் ஒருவர் என் கையில் துண்டறிக்கை ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். குடிப்பழக்கத்துக்கும் போதைப்பொருளுக்கும் மறுவாழ்வு மையம். ‘நூற்றுக்கு நூறு குணம்’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து. போன் போட்டுக் கேட்டேன். நடுவில் ஓடிப்போனவர்கள் கணக்கில் உண்டா?

“அவங்கள எப்படிண்ணே சேர்க்கிறது? அவங்கதான் மனசு வைக்கலையே.”

சிரிப்பு வந்தது, ஆனால் இந்தக் கணக்கு அவர் கண்டுபிடித்ததில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவ, 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பே, 1955இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், உண்மையாக முயன்றவர்களில் பாதிப்பேர் உடனே குடியை விட்டார்கள் என்று எழுதியது. தோற்றவன் உண்மையாக முயலவில்லை என்று சொல்லிவிட்டால், எந்த வைத்தியமும் தோற்காது.

அதே அமைப்பை வெளியாட்கள் எடை போட்டபோது கிடைத்த எண்கள் அடக்கமானவை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் குழுவின் 2006 மதிப்பாய்வு, திட்டவட்டமான சான்று இல்லை என்றது. 2020இல் அதே குழு மறுபடி பார்த்தது: 27 ஆய்வுகள், 10,565 பேர். ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42, மற்றச் சிகிச்சைகளில் 35. காசு வாங்காத கூட்டத்துக்கு இது நல்ல எண்தான். மீதி 58 பேரை மறைக்காததால்தான் இதை நம்புகிறேன்.

எந்த நாளில் எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர் ஒரு சொட்டும் தொடமாட்டார். காவடி இறக்கிய மறுநாள் சம்சு சாராயக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். 48ஆம் நாளில் எண்ணினால் முருகனும் நூற்றுக்கு நூறு.

நம் மலேசியாவில் பிடித்து அடைத்து வைக்கும் அரசு மையங்களைப் பற்றி 2017இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் 31 நாளுக்குள் ஹெராயின் போன்ற போதைக்குத் திரும்பினார்கள். மெத்தடோன் மருந்தும் தரும் தன்விருப்ப மையங்களில் அதே நிலைக்கு 352 நாள் ஆனது. ஓட்டைகள் உண்டு: எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில், இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு பேருக்கும் குறைவு, சீட்டுப் போட்டுப் பிரித்ததும் இல்லை. தானாக வந்தவனுக்கு வேகம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் பதினோரு மடங்கு இடைவெளி முழுவதையும் அந்த வேகத்தின் தலையில் கட்ட முடியாது.

இப்படி எடை போடும்போது, நடுநிலை என்றால் இரண்டு பக்கத்துக்கும் சம இடம் கொடுப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சொல்பவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்ப்பதே என் முறை. 1947இல் பெடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தபோது, வெள்ளைக்கார நிர்வாகத்துக்கு அது கலகக் கூட்டம்; லயத்துப் பெண்களுக்கோ அடுப்பெரிய வந்த வழி. இரண்டு தரப்புக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. மையம் நடத்துபவருக்கும் இருக்கிறது, மாதக் கட்டணத்தில்.

என் தீர்ப்பு இது. ஹெராயின் போதைக்கு மருந்தோடு கூடிய தன்விருப்பச் சிகிச்சையின் பக்கம்தான் சான்று நிற்கிறது. அரசு இங்கே மெத்தடோனை 2005இலேயே தொடங்கிவிட்டது. சம்சுக்கு மெத்தடோன் உதவாது. அங்கே முதல் தேவை டாக்டர்: பல வருடக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதற்குப் பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்களுக்குத் தாராளமாகப் போகலாம். அடைத்து வைப்பதற்குச் சான்று இல்லை. அந்தத் துண்டறிக்கைக்கு என் மதிப்பெண் சுழியம்.

பணம் கட்டப்போகும் அம்மாக்களே, அக்காக்களே, முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். ராத்திரி டாக்டர் இருப்பாரா? ஓடிப்போனவர்களையும் சேர்த்து, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் தொடாமல் இருக்கிறார்கள்?