ஒன்று தங்கியபோது

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் லேசாக உதிரம் பட்டால், மாமியாரோ அக்காவோ முதலில் சொல்வது ‘போய்ப் படு, கூடையைத் தூக்காதே’ என்பதுதான். இரண்டு நாளில் நின்றுவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பொன்னேரிக்கு ஸ்கேனுக்கு அனுப்பி, ‘ரெண்டு பை தெரியுது, ஒண்ணுல துடிப்பு இல்ல’ என்று ஒருவர் திரையைப் பார்த்துச் சொன்னால்தான் அது ஓர் இழப்பு ஆகிறது. ஸ்கேன் ஒரு மாதம் தள்ளிப்போனால் திரையில் ஒரே பிள்ளைதான் இருக்கும். இரண்டாவது ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கும் ஊரின் நிலைமை மட்டுமில்லை இது. கருவிலேயே மறையும் இரட்டை பற்றிய அறிவு முழுவதும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது: யார், எந்த வாரத்தில், எந்தக் கருவியால் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து.

இரட்டைகள் பிறப்பதைவிட அதிகமாக உருவாகின்றன என்ற ஐயத்தை 1945-லேயே ஜெர்மனியின் வால்டர் ஸ்டோக்கல் எழுப்பிவிட்டார். அதைக் கண்ணால் காண, கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-இல் வெளியிட்ட அல்ட்ராசவுண்ட் படங்கள் வந்து, அந்தக் கருவி முதல் மூன்று மாதக் கருவையும் காட்டுமளவுக்குத் தேற வேண்டியிருந்தது. 1976-இல் பெல்ஜியத்தின் லெவி வெளியிட்ட கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. பத்து வாரத்துக்குள் இரட்டை என்று கண்டறிந்தவற்றில் 71 சதவீதம் பிரசவத்தில் ஒற்றையாக வந்தன என்றார் அவர். அடுத்த ஆண்டு கிளாஸ்கோவின் ராபின்சனும் கெய்ன்ஸும் இதே திசையில் சான்று தந்தார்கள். ஆனால் 1986-இல் ஹெலைன் லாண்டி குழு ஆயிரம் கர்ப்பங்களைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்து பார்த்தபோது, இரட்டைகளில் 21 சதவீதம்தான் ஒற்றையாகின. 2002-இல் டிக்கி குழு கண்ட அளவு 36 சதவீதம். பழைய கருவிகள் கருப்பைக்குள் தேங்கிய இரத்தத்தையும் நிழலையும்கூட இன்னொரு பையாகக் காட்டியிருக்கக்கூடும் என்பதால், லெவியின் எண்ணை நான் தள்ளியே வைக்கிறேன். மூன்றில் ஒன்று என்ற அளவு நம்பத் தகுந்தது.

அமெரிக்காவின் சார்ல்ஸ் போக்லேஜ் இன்னும் தூரம் போனார். ஒற்றையாகப் பிறந்து நடமாடுபவர்களில் எட்டில் ஒருவராவது இரட்டையாகத் தொடங்கியவர் என்பது அவர் 1990-களில் போட்ட கணக்கு. இது எண்ணிப் பார்த்து வந்ததல்ல, ஊகங்களை அடுக்கி வந்தது. ஆனாலும் இந்தத் துறையில் மிக அதிகமாகப் பேசப்படும் எண் இதுதான். ‘நானும் அப்படி ஒருவனோ’ என்று வாசிப்பவரை நினைக்க வைப்பதால்தான் அது நிலைத்துவிட்டது என்று தோன்றுகிறது.

நம் பக்கத்திலும் இந்தச் சிந்தனை புதிதல்ல. சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், விதை சமமின்றிப் பிளவுபட்டால் இரட்டையில் ஒன்று பெருத்தும் மற்றது சிறுத்தும் வளரும் என்கிறது. வயிற்றுக்குள்ளேயே வாடிப்போகும் கருவுக்கும் அது தனிப் பெயர் வைத்திருக்கிறது. காரணம் சொன்ன விதம் வேறு. பார்த்தது இதை ஒத்த நிகழ்வுகளைத்தான்.

தப்பிப் பிழைத்த பிள்ளைக்கு என்ன ஆகும்? இங்கேதான் துறை உண்மையில் ஏதோ கண்டுபிடித்திருக்கிறது. எல்லாம் இரண்டு கேள்விகளில் அடங்கும்: நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா, இழப்பு எந்த வாரத்தில்?

தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால் ஒன்று போவது மற்றதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒரே கருமுட்டை பிளந்து உண்டான இரட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நஞ்சைப் பகிர்கின்றன. அந்த நஞ்சின் மேல் இரு பிள்ளைகளின் இரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும். பழவேற்காட்டில் முகத்துவாரம் திறந்திருக்கையில் கடல் வற்றினால் ஏரித் தண்ணீர் எந்தத் தடையுமின்றி வெளியே இழுபடுவதை அங்குள்ளவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதேபோல, ஒரு பிள்ளையின் இதயம் நின்று அதன் குழாய்களில் அழுத்தம் விழுந்ததும், உயிரோடிருக்கும் பிள்ளையின் இரத்தம் அந்தப் பக்கம் இழுபட்டுவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் மூளைக்கு இரத்தம் போதாமல் போகிறது. பாதிப்பு நேர்வது அப்போதே. ஆகவே, ஒன்று இறந்தது தெரிந்தவுடன் மற்றதை அவசரமாக வெளியே எடுப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. குறைமாதப் பிரசவத்தின் கேடுதான் கூடும். மூன்று நான்கு வாரம் பொறுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து மூளையைப் பார்ப்பது இன்றைய வழக்கம்.

இதற்கான எண்களை பர்மிங்ஹாமின் மார்க் கில்பியும் சக ஆய்வாளர்களும் 2006-லும் 2011-லும் திரட்டினார்கள். 14 வாரத்துக்குப் பிறகு ஒன்று இறந்த கர்ப்பங்களை மட்டும் எடுத்தால், ஒரே நஞ்சாக இருந்தபோது மற்றதும் இறந்தது 15 சதவீதம், தனி நஞ்சாக இருந்தபோது 3 சதவீதம். பிழைத்த பிள்ளைக்கு நரம்பு வளர்ச்சிக் குறை ஏற்பட்டது முதல் வகையில் 26 சதவீதம், இரண்டாம் வகையில் 2 சதவீதம். சிறு சிறு ஆய்வுகளைச் சேர்த்து வந்த எண்கள் இவை, மோசமாக முடிந்தவைதான் அதிகம் எழுதப்படும் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் இரு வகைக்கும் இடையிலுள்ள பள்ளம் நிரம்பாது.

தொடக்க வாரங்களில் ஒன்று கரைந்தால்? லிவர்பூலின் ஃபாரோவா 1997-இல் துணிந்து ஒரு கருதுகோள் சொன்னார்: காரணம் தெரியாத பெருமூளை வாதத்தில் ஒரு பங்கு, யாரும் அறியாமல் மறைந்த இரட்டையால் வந்திருக்கலாம். அழகான கருதுகோள். காரணம் கேட்டு ஏங்கும் பெற்றோருக்கு ஒரு விடை தருவது. ஆனால் 2003-இல் அவரே பங்கெடுத்த ஆய்வொன்று, பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மாருடைய தொடக்க ஸ்கேன்களைத் தேடிப் பார்த்தது. வலுவான தொடர்பு எதுவும் அகப்படவில்லை. தன் கருதுகோளைத் தானே சோதனைக்கு விட்ட அந்த நேர்மைக்கு என் வணக்கம். டென்மார்க்கில் அன்யா பின்போர்க் 2005-இல் செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்தவர்களைக் கணக்கெடுத்தார். ஒற்றையாகப் பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் இரட்டையாகத் தொடங்கியவர். அவர்களுக்கு எடைக் குறைவும் குறைமாதப் பிறப்பும் சற்று அதிகம். இழப்பு எவ்வளவு தாமதமாக நேர்ந்ததோ அவ்வளவு கூடுதல். எட்டு வாரத்துக்குள் போயிருந்தால் வேறுபாடு ஏறத்தாழ இல்லை.

பத்திரிகைகள் விரும்பும் கதைகள் வேறு. 1999-இல் நாக்பூரைச் சேர்ந்த 36 வயது விவசாயியின் வயிற்றுக்குள்ளிருந்து மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பாதி உருவான இரட்டை எடுக்கப்பட்டது. ஐந்து லட்சம் பிறப்பில் ஒன்று என்று சொல்லப்படும் அபூர்வம். 1953-இல் இங்கிலாந்தில் இரத்தம் கொடுக்க வந்த பெண் ஒருவரிடம் இரு இரத்தப் பிரிவுகள் கலந்திருந்தன. குழந்தையிலேயே இறந்துபோன இரட்டைச் சகோதரனின் இரத்த அணுக்கள் அவர் உடலில் வாழ்ந்துகொண்டிருந்தன. வியப்பானவை. ஆனால் மூன்றாம் மாதத்தில் ஒன்றை இழந்த வீட்டுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை, பயம்தான்.

இனி மனம். 1992-இல் வெளிவந்த நூலில் இத்தாலிய மருத்துவர் அலெஸாண்ட்ரா பியான்டெல்லி ஒன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் அறையின் மூலை முடுக்கெல்லாம் ஓயாமல் தேடுவான், பொருள்களை எடுத்து உயிர் வரவழைப்பதுபோல் குலுக்குவான். எதையோ தொலைத்துத் தேடுகிறாற்போல் இருக்கிறது என்று அவர் சொன்னதும், இவனோடு இருந்த இரட்டை பிறப்பதற்கு இரு வாரம் முன் இறந்துவிட்டது என்று பெற்றோர் சொன்னார்கள். படித்தவர் யாரும் இதை மறக்க முடியாது. ஆனால் இது ஒரு சிறுவனின் கதை. அந்தப் பெற்றோர் இழப்பை அறிந்தவர்கள். அவனைத் தூக்கிய ஒவ்வொரு கையிலும் அந்தத் துக்கம் இருந்திருக்கும். அவன் தேடியது வயிற்றின் நினைவாலா, வீட்டின் துக்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிரிட்டனின் அல்தியா ஹெய்ட்டன் இதிலிருந்து வெகுதூரம் போனார். 2007 முதல் அவர் எழுதிய நூல்கள், இன்னதென்று தெரியாத வெறுமை, குற்ற உணர்வு, யாரையோ தேடும் ஏக்கம் எல்லாமே கருவில் மறைந்த இரட்டையின் தடயம் என்கின்றன. அவருடைய கேள்விகளுக்கு விடையளித்தவர்கள் ஏற்கெனவே அப்படி நம்பி வந்தவர்கள். ஒப்பிட மற்றொரு கூட்டம் இல்லை. வெறுமையும் ஏக்கமும் யாருக்குத்தான் இல்லை? உடலியலும் இடம் கொடுக்காது. பெரும்பாலான இழப்புகள் நேரும் எட்டாம் வாரத்தில் மூளைப்புறணியே உருவாகியிருக்காது. புலன் செய்தி அங்கே சென்று சேரும் இணைப்புகள் ஆறாம் மாத அளவில்தான் அமைகின்றன. நடு மாதங்களின் கதை கொஞ்சம் வேறு: 2010-இல் பதுவாவின் உம்பர்ட்டோ கஸ்டியெல்லோ ஐந்து இரட்டைச் சோடிகளைப் படம்பிடித்து, 14-ஆம் வாரத்திலேயே கை பக்கத்துப் பிள்ளையை நோக்கிப் போவதையும், 18-ஆம் வாரத்தில் அந்த அசைவு தனிப்பட்ட நிதானம் பெறுவதையும் காட்டினார். ஆக, ஏழாம் மாதத்தில் இரட்டையை இழந்த பிள்ளைக்கும் எட்டாம் வாரத்தில் இழந்த பிள்ளைக்கும் ஒரே பெயர் சூட்டுவது தவறு. முதல் பிள்ளை விஷயத்தில் இன்னும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இரண்டாவதற்கு, உள்ளே ஏதோ ஒரு காயம் இருப்பதாக நம்பவைப்பதே காயம்.

உண்மையான துக்கம் இருக்குமிடம் தாய். பிரிட்டனில் குழந்தை மருத்துவர் எலிசபெத் பிரையன் இதைப் பல பத்தாண்டுகள் சொல்லி வந்தார்; நியூகாசிலில் ஜூடித் ராங்கினும் நிக்கோலஸ் எம்பிள்டனும் இரட்டையில் ஒன்றை இழந்த தாய்மாரிடம் நேரில் கேட்டறிந்தார்கள். மறுபடி மறுபடி வந்த ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: ‘ஒண்ணாவது நல்லபடியா இருக்கே, சந்தோஷப்படு.’ அன்போடு சொல்வதுதான். ஆனால் அதற்குப் பிறகு அழ முடியாது. பாலூட்டும்போதே துக்கம் காக்க வேண்டிய தாய்க்கு நம் ஊரில் சடங்கும் இல்லை. பழவேற்காட்டில் அம்மன் கோவிலும் மகிமை மாதா ஆலயமும் பள்ளிவாசலும் இருக்கின்றன. நான்கு மாதம் கடந்த கருவுக்கு உயிர் ஊதப்பட்டதாகக் கொள்ளும் இஸ்லாமிய மரபு அந்த அளவுக்காவது எல்லை வகுக்கிறது. எட்டு வாரத்தில் கரைந்த ஒன்றுக்காக எந்த வீட்டில் விளக்கேற்றுகிறார்கள்?

துக்கத்தோடு குற்ற உணர்வும் வருகிறது. மீன் கூடை சுமந்ததாலா, இறால் பொறுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றதாலா, இரட்டை வாழைப்பழத்தைத் தின்று பிறகு பயந்ததாலா? எதுவுமில்லை. தொடக்கத்தில் மறையும் கருக்களில் பெரும்பகுதி குரோமோசோம் பிழையோடு உருவானவை. அந்தப் பெண் கட்டிலைவிட்டு இறங்காமலே இருந்திருந்தாலும் அது தங்கியிருக்காது. இதை ஒருவர் அவளிடம், மாமியாரும் கேட்கும்படி, சொல்லியாக வேண்டும்.

பிள்ளையிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் இரட்டை 1935-இல் இறந்தே பிறந்தது. இருவரின் பலமும் உனக்கே வந்துவிட்டது என்று தாய் மகனிடம் சொல்வாராம். அது ஆறுதலா சுமையா என்று யோசித்திருக்கிறேன். நம் பேச்சில் இன்னும் கொடியது உண்டு. அப்பனை முழுங்கிவிட்டுப் பிறந்தவன் என்று தகப்பனில்லாப் பிள்ளையைச் சொல்லும் ஊரில், கூட இருந்ததைத் தின்றுவிட்டு வந்தது என்று ஒரு குழந்தையின் காதுபடச் சொல்ல அதிக நேரமாகாது. அது தின்னவில்லை. பிழைத்தது, அவ்வளவுதான். எந்தப் பிள்ளை போனது, ஆணா பெண்ணா என்ற கேள்வியும் வரும். எட்டாம் வாரத்தில் அது யாருக்கும் தெரியாது, பின்னால் தெரிந்தாலும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லக் கூடாது.

2021-இல் ஆம்ஸ்டர்டாமின் யென்னி வான் டோங்கனும் டோரெட் போம்ஸ்மாவும், ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டைகளின் டி.என்.ஏ. மேல் வாழ்நாள் முழுக்க அழியாத வேதிக்குறி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். ஒற்றையாகப் பிறந்தவரும் அப்படித் தொடங்கினாரா என்று ஓரளவு ஊகிக்க அது உதவும். உறுதியான சோதனை அல்ல. இரு முட்டையில் வந்தவர்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது. அது சந்தைக்கு வந்தால், ஹெய்ட்டன் நூல்களைப் படித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். எனக்கு அந்த வரிசையில் ஆர்வமில்லை.

என் ஆர்வம் 11-ஆம் வாரத்துக்கும் 14-ஆம் வாரத்துக்கும் இடையே எடுக்கும் ஒரு ஸ்கேனில். நஞ்சு ஒன்றா இரண்டா என்பது தெளிவாகத் தெரிவது அப்போதுதான். இரு பைகளுக்கு நடுவேயுள்ள சவ்வு நஞ்சைத் தொடுமிடத்தில் தடித்து முக்கோணமாகத் தெரிந்தால் இரண்டு, மெல்லிய கோடாக நேரே இறங்கினால் ஒன்று. மாதம் ஏற ஏற அந்த அடையாளம் மங்கிவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவுசெய்யச் சொல்வதால், குப்பத்துப் பெண்ணும் சரியான நேரத்தில்தான் செவிலியரிடம் வருகிறாள். ஏரிக்குள் படகையே நம்பியிருக்கும் ஊர்க்காரிக்குத்தான் அந்தப் பயணம் இன்னும் கடினம். வந்தவளின் அறிக்கையில் ‘இரட்டை’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடக் கூடாது. ஒரே நஞ்சு என்றால் இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும்; ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ எழும்பூருக்கோ முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று இறந்தால், எந்த வாரத்தில், எந்த வகை நஞ்சில் என்பது தாயின் அட்டையிலிருந்து பிள்ளையின் அட்டைக்கும் ஏற வேண்டும். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. இரண்டு வயதாகியும் காலூன்றாத பிள்ளையை அவர்கள் தூக்கிப் பார்க்கையில், அந்த ஒரு வரி அட்டையில் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அன்றைக்கே அனுப்பலாம்.