அத்தையின் வேதாகமம்

திருவண்ணாமலையில் அத்தை வீட்டு மாடத்தில் எப்போதும் இருக்கும் ஒரு பொருள், ஜிப் வைத்த ரெக்சின் உறைக்குள் அவருடைய வேதாகமம். உறையின் கிழிந்த ஓரத்தைக் கறுப்பு நூலால் தைத்திருக்கிறார். சங்கீதப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கின்றன. ஒன்றில் மஞ்சள் கறை. அடையாளத்துக்கு, சென்ற ஆண்டுக் குருத்தோலையில் மடித்த சிறு சிலுவை, காய்ந்து பழுப்பேறியிருக்கிறது.

தமிழில் வேதாகமம் வந்த கதை பழையது. டேனிஷ் அரசர் அனுப்பி 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715இல் அது அங்கேயே அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான். திருவண்ணாமலையிலும் டேனிஷ் மிஷன் பள்ளி அந்த நாட்டின் பெயரை இன்னும் சுமக்கிறது.

பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டம் தெருவை நிறைக்கும். அத்தை வாசலில் தண்ணீர்க் குடம் வைத்துவிட்டு, உள்ளே விளக்கடியில் ஓர் அதிகாரம் வாசிப்பார். மாமா இறந்த இரவும் வாசித்தார்.

“எப்படி இருக்கீங்க அத்தை?”

“ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கேன்ப்பா.”

வழக்கமான பதில்தான். ஆனால் அந்த மங்கிய பக்கங்களைப் பார்த்தவனுக்குத் தெரியும், அந்தப் பதிலில் ஒரு சொல்கூட வெறும் சொல் இல்லை.