ஜெர்மன் மொழியில் ‘எல்ட்டர்’: ஒப்புப் பெயரடையும் மொழிபெயர்ப்பும்

ஜெர்மன் மொழியில் ‘முதிய’ எனப் பொருள்படும் பெயரடை ‘அல்ட்’ ஆகும். இதன் ஒப்பு வடிவம் ‘எல்ட்டர்’. ‘இன்னொன்றைவிட முதிய’ என்பதே இவ்வடிவத்தின் பொருளாகத் தொடக்கநிலையில் கற்பிக்கப்படுகிறது. இவ்விளக்கம் தவறன்று, எனினும் முழுமையானதன்று. இதனை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் பிழைபட நேர்கிறது.

‘எல்ட்டர்’ மூன்று சூழல்களில் வழங்குகிறது. முதலாவது, ‘அல்ஸ்’ என்னும் இடைச்சொல்லுடன் ஒப்பிடப்படுவது வெளிப்படையாக நிற்கும் சூழல். தமிழில் ‘விட’, ‘காட்டிலும்’ என்பன இதற்குப் பொருந்தும். இரண்டாவது, இருவருள் மூத்தவரைச் சுட்டும் சூழல். ‘எல்ட்டர்’ என்ற அடை பெற்ற உடன்பிறந்தான் தமிழில் ‘அண்ணன்’ ஆவான். தனி அடை வேண்டுவதில்லை. ஓவியர் லூக்காஸ் கிரானாக்கை (1472–1553) அதே பெயர் கொண்ட மகனிடமிருந்து (1515–1586) பிரித்தறியவும் இவ்வடையே உதவுகிறது. இங்கு ‘மூத்த’ என்பது பொருந்தும்.

மூன்றாவது சூழலே சிக்கலானது. ‘ஐனெ எல்ட்டெரெ டாமெ’ என்னும் தொடரில் ஒப்பிடப்படுபவர் எவரும் இல்லை. இத்தொடர் குறிக்கும் பெண்மணி, ‘ஐனெ அல்ட்டெ டாமெ’ எனப்படும் மூதாட்டியைவிட வயதில் குறைந்தவர்! ஒப்பு வடிவம் அடிச்சொல்லினும் குறைந்த அளவைச் சுட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் இங்கு அளவீடு ‘அல்ட்’ என்பதிலிருந்து தொடங்குவதில்லை. அதன் எதிர்ச்சொல்லாகிய ‘யுங்’ (இளைய) என்பதிலிருந்து தொடங்குகிறது. ‘இளையவர் எனக் கூறும் நிலையைக் கடந்தவர்’ என்பதே கருத்து. மறுதலையாக, ‘யுங்’ என்பதன் ஒப்பு வடிவமான ‘யூங்கர்’ பெற்ற மனிதர், ‘யுங்’ எனப்படும் இளைஞரைவிட வயது கூடியவராகலாம். நீண்ட காலம், பெரிய நகரம் என்பவற்றிலும் ஒப்பு வடிவம் இவ்வாறே அளவைக் குறைத்துக் காட்டும். ‘முதிய’ என நேராகக் கூறாது மென்மையாக உரைக்கும் நயமும் இவ்வழக்கில் உண்டு.

இத்தொடரை ‘மிகவும் வயதான பெண்மணி’ எனப் பெயர்த்தால் அறுபதை ஒட்டிய கதைமாந்தர் தள்ளாத மூதாட்டியாகிவிடுவார். ‘மூத்த பெண்மணி’ என்பதும் நிறைவளிப்பதில்லை, ‘யாரினும் மூத்தவர்?’ என்னும் வினாவை அது எழுப்பும். ‘நடுவயதைக் கடந்த’, ‘சற்று வயதான’ என்பனவே சூழலுக்கேற்பப் பொருந்துவன.

தமிழில் பெயரடைக்கு ஒப்பு விகுதி இல்லை என்பதை ஒரு குறையாகக் கருதுவோர் உளர். இவ்விடத்தில் அதுவே துணையாகிறது. விகுதிக்கு விகுதி தேட இயலாத நிலையில், ஒப்பீடு எதனோடு என்று மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தே தீரவேண்டும். ஜெர்மன்–தமிழ் அகராதி தொகுப்போர் ‘எல்ட்டர்’ என்பதனை ‘அல்ட்’ என்பதன் கீழ் அடக்கிவிடாது, தனிப்பதிவாக இம்மூன்று பொருளையும் தருதல் வேண்டும்.