மீன்வாய் வெட்டு

கட்டி முடித்த ரோல் கேஜைப் பார்க்க வருகிறவர்கள் நேராக வெல்டிங்கிடம் போய் நிற்கிறார்கள். பூக்காரம்மா தொடுத்த சரம் மாதிரி ஒரே அளவில் அடுக்கிக்கொண்டு போகும் வரியைப் பார்த்ததும் "என்னமா வச்சிருக்கான்!" என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அதுவும் பெரிய கைவேலைதான். ஆனால் ஒரு கூண்டு தேறுமா தேறாதா என்பது வெல்டிங் மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. குழாயும் குழாயும் சந்திக்கிற இடத்தில், ஒன்றின் வாயை மற்றதன் முதுகுக்குப் பொருந்தும்படி குடைந்திருக்கிறார்களே, அந்த மீன்வாய் வெட்டில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. வெல்டிங் வைத்த பிறகு அது யார் கண்ணுக்கும் படாது.

கரடுமுரடான மேட்டிலும் ஆற்றுப்படுகையிலும் ஓடும் ஜீப் என்றைக்காவது ஒருநாள் பக்கவாட்டில் சாயும். சரிவு கூடுதலாக இருந்தால் உருளும். அப்போது விண்ட்ஷீல்டு சட்டமும் படுதாக் கம்பிகளும் யாரையும் காப்பாற்றாது. அதற்காகத்தான் வண்டிக்குள் குழாயால் ஒரு கூண்டு கட்டுகிறார்கள். முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வளைவு, கண்ணாடியை ஒட்டி முன்வளைவு, இரண்டையும் தலைக்கு மேலே இணைக்கும் குழாய்கள், பின்னோக்கிச் சாய்ந்து முட்டுக் கொடுக்கும் இரண்டு கால்கள், குறுக்கே மூலைவிட்டம். ரோல் கேஜின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இந்தக் கலையை ரசிக்கத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் வேறு ஊர் போக வேண்டியதில்லை. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் கும்மிடிப்பூண்டி பார்க்கப் போனால் வழியில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் கார் பந்தயம் நடத்திய ஊர் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும்வரை, ஃபியட்டையும் ஹெரால்டையும் சொந்தப் பட்டறையில் பிரித்துக் கட்டியவர்கள் கூடிய இடம் சோழவரம்தான். கோயம்புத்தூர் கரிவரதன் குழாய் வளைத்துப் பந்தயக் கார் செய்யும் மரபை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். இந்தப் பக்கம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சரும் பிறகு பஜேரோவும் பூட்டி வெளியே வந்தன. டக்கர் ராலியைப் பன்னிரண்டு முறை வென்ற பெயர் பஜேரோ. அதே ஆலையில் இன்று சிட்ரோயன் கார் தயாராகிறது.

அதே திருவள்ளூரில் கேட்டர்பில்லர் ஆலை சுரங்கங்களுக்கான ராட்சத டம்பர் லாரிகளைச் செய்கிறது. அந்த லாரியின் கேபினுக்கும் ஒரு கூண்டு உண்டு. நம் ஜீப் கூண்டுக்கு அது பெரியண்ணன். அந்த வகைக் கூண்டைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 3471 விதி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. குழாய் வளையக்கூடாது என்று அது சொல்லவில்லை. டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஓர் அளவு குறித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் நீளவாக்கிலும் அழுத்தும்போது எந்த இரும்பும் அந்த அளவுக்குள் நுழையக்கூடாது என்கிறது. கூண்டு மடங்கலாம், மடங்கி அடியை வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் காலியிடம் மட்டும் கலையாமல் இருக்க வேண்டும். டிராக்டருக்கு இப்படி ஒரு காப்பு கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-லேயே சட்டம் போட்டது. ஃபார்முலா ஒன் காருக்கு டிரைவர் தலைக்குப் பின்னால் வளைவு கட்டாயமானது 1961-ல். உழவர்கள் பந்தயக்காரர்களை முந்திக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

குழாய்க்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உருக்காலைகளில் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி இழுக்கிறார்கள். அதில் 20 மி.மீ. விட்டமுள்ள கம்பி ஒரு மீட்டர் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. பெரிய வளைவுக்குக் கேட்கும் குழாய் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன். அதுவும் மீட்டருக்கு 2.6 கிலோதான் வரும். எடை ஏறக்குறைய ஒன்று. ஆனால் வளைக்க முயன்றால் குழாய் கம்பியைவிட ஒன்பது மடங்குக்கு மேல் விறைத்து நிற்கும். அதே இரும்பை நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்தது மட்டுமே வித்தியாசம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, கூண்டு கனமாக இருந்தால்தான் பலம் என்று நினைத்து உருண்டைக் கம்பியும் சேனலும் போட்டு வண்டியின் தலைக்கனத்தை ஏற்றி வைத்திருப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. மேலே எடை ஏற ஏற வண்டி சாய்வதும் சுலபமாகிறது.

எல்லாக் குழாயும் ஒன்றல்ல. தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். அது நீரின் அழுத்தத்துக்காகச் செய்தது. ஜி.ஐ. பைப்பாக இருந்தால் வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை கிளம்பி வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வரும், வெல்டிங்குக்குள் ஓட்டை ஓட்டையாகக் காற்றும் தங்கிவிடும். கேட்க வேண்டியது சீம்லெஸ் அல்லது சி.டி.டபிள்யூ. எனப்படும், ஒட்டிய பிறகு குளிர்நிலையில் இழுத்துச் சீராக்கிய குழாய். இதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. முருகப்பா குழுமத்தின் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆவடியில்தான் இருக்கிறது. 1950-களிலிருந்து சைக்கிளுக்கும் வண்டிக்கும் குழாய் இழுத்துப் பழகிய ஆலை. நல்ல குழாயைத் தட்டினால் வரும் சத்தமே வேறு என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். நான் வெர்னியரை நம்புகிறேன்.

அடுத்தது வளைப்பு. இங்கேதான் பாதிக் கூண்டு வீணாகிறது. பிளம்பர்கள் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பெண்டரில் குழாயை அழுத்தினால் உள்பக்கம் சுருங்கி, வெளிப்பக்கம் தட்டையாகிவிடும். குழாய் அதன் வட்டத்தை இழந்த இடத்தில் பலத்தையும் இழந்துவிடுகிறது. எஃப்.ஐ.ஏ. கணக்குப்படி வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. வளைந்த இடத்தில் குறுகிய விட்டம், அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையக்கூடாது. சூடு காட்டி வளைக்கவும் கூடாது. நல்ல டை போட்ட பெண்டர் வைத்திருப்பவர் குழாயை ஏற்றுமுன் சாக்பீஸால் அதன் தையல் கோட்டைத் தேடிக் குறித்துக்கொள்வார். ஒட்டிய குழாயின் அந்தக் கோடு வளைவின் வெளிமுதுகில் விழாமல், இழுப்பும் இல்லாமல் நெருக்கமும் இல்லாமல் இருக்கும் பக்கவாட்டில் வர வேண்டும். பிறகு 90 டிகிரி வேண்டுமென்றால் இரண்டு மூன்று டிகிரி கூட அழுத்துவார். கையை எடுத்ததும் குழாய் திமிறிக்கொண்டு திரும்பும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு திரும்பும் என்பதை அந்தக் கட்டுக் குழாயில் ஒரு துண்டை வளைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு துண்டை வீணடிக்க மனம் வருகிறவரிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

இப்போது மீன்வாய். காகிதத்தைக் குழாயில் சுற்றி வரைந்துகொண்ட வளைகோட்டின்மேல் கிரைண்டர் கட்டிங் வீலால் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டுகிறார் பிட்டர். அப்புறம் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு அரைவட்ட அரத்தை எடுக்கிறார். பொருந்த வேண்டிய குழாயின் முதுகில் சாக்பீஸ் தேய்த்து, வெட்டிய வாயை அதில் வைத்து லேசாகத் திருப்புகிறார். எடுத்துப் பார்த்தால் வாயின் விளிம்பில் இரண்டே இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறது. அந்த இரண்டு இடமும் மேடு. அங்கே மட்டும் நாலு இழுப்பு. மறுபடி சாக்பீஸ், மறுபடி திருப்பல். இப்போது நாலு இடத்தில் வெள்ளை. பக்கத்தில் நிற்கும் பையனுக்குப் பொறுமை போய்விடுகிறது: "அண்ணே, ஒரு எம்.எம். தானே, வெல்டிங்ல ரொப்பிடலாமே." அவர் தலை நிமிராமல் சொல்கிறார்: "ரொப்புனா ஆறும்போது இழுக்கும்டா. இங்க ஒரு எம்.எம். இழுத்தா அந்தக் கடைசியில கேஜே கோணிக்கும்." கடைசியில் விளிம்பு முழுக்க வெள்ளை படிகிறது. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஒரு கீற்று ஒளி கசியவில்லை. குழாயைக் கையால் பிடிக்காமலே அது முதுகில் கவ்வி நிற்கிறது.

அவர் சொன்னது சரியான இயற்பியல். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், இடைவெளி பெரிதானால் அதிகம் உருக்க வேண்டும், அதிகம் உருக்கினால் அதிகம் சுருங்கும். கூடவே சூடு பரவி, வெல்டிங் ஓரத்துக் குழாயும் தன் குணத்தை இழக்கும். உருண்ட வண்டிகளின் கூண்டு பெரும்பாலும் வெல்டிங்கின் நடுவில் உடைவதில்லை. அதன் கரையில்தான் கிழிகிறது. இறுக்கமான மீன்வாய்க்குக் கொஞ்சம் உலோகமும் கொஞ்சம் சூடும் போதும்.

பொருத்தியாயிற்று என்று உடனே முழு வெல்டிங் வைப்பதில்லை. எல்லா மூட்டிலும் டாக் எனப்படும் சின்னப் புள்ளி வெல்டிங் வைத்து, டேப்பால் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்து, பிறகு இடது வலது என்று மாறி மாறி வைப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, குழாய்களின் நடுக்கோடுகள் ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றனவா என்பது. சாய்வுக் குழாயின் நடுக்கோடு மூலையிலிருந்து நாலு விரல் தள்ளி இறங்கினால், மேலிருந்து வரும் அடி அங்கே நெம்புகோலாகிக் குழாயை நடுவில் மடக்கும். சதுரத்தை ஒரு கை தள்ளினால் சாயும். மூலைவிட்டம் போட்டு முக்கோணமாக்கினால் சாயாது. பெரிய வளைவுக்குள் மூலைவிட்டக் குழாய் இல்லாத கூண்டை, போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக யாராவது கட்டினால், அதைக் கூண்டு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

மேலே கழற்ற முடியாத தகரக்கூரை உள்ள வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. கூரையை ஒட்டிப் போகும் குழாயின் மேல்பக்கம் வெல்டிங் டார்ச்சும் கையும் நுழையாது. முக்கால்வாசிப் பேர் எட்டுகிற வரைக்கும் வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். பார்ப்பவருக்குத் தெரியாது. வண்டி கவிழும்போது முதல் அடி விழுவது அந்த இடத்தில்தான். வேலை தெரிந்தவர் தரையில் கால் நிற்கும் இடங்களில் ஓட்டை போட்டு, டாக் வைத்த கூண்டை அதன் வழியே கீழே இறக்கி, மேல்பக்கத்தைச் சுற்றிவர முழுதாக வைத்து முடித்துவிட்டு, மறுபடி தூக்கித் தரையில் தகடு போட்டு நிறுத்துவார். எந்தக் கூண்டைப் பார்த்தாலும் நான் ஒரு சின்னக் கண்ணாடியைக் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். திறந்த ஜீப்பில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் அங்கே சாக்கும் இல்லை.

கால் நிற்கும் இடம் தனி விஷயம். ஜீப்பின் தொட்டித் தகடு மெல்லியது. அதன்மேல் குழாயை நேரே நிறுத்தினால், உருளும்போது கால் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும். எஃப்.ஐ.ஏ. பெரிய வளைவின் ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. தடிமனில் குறைந்தது 120 சதுர செ.மீ. தகடும் மூன்று எட்டு மி.மீ. போல்ட்டும் கேட்கிறது. ஜீப்பில் சேஸிஸோடும் இணைக்க வேண்டும். ஆனால் பாடி ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸோ மேட்டில் ஏறும்போது முறுக்கிக்கொள்ளவே செய்யப்பட்டது. இரண்டையும் விறைப்பாகக் கட்டிப்போட்டால் எங்கேயாவது வெடிப்பு விழும். அதனால் கூண்டின் காலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் புஷ் வைத்துக் கட்டுகிறார்கள். 2020-ல் வந்த மஹிந்திரா தாரில் கம்பெனியே உள்ளே கூண்டு வைத்துக் கொடுத்தது. அதன் கால்கள் எங்கே போய் உட்காருகின்றன என்று பார்த்தாலே ஒரு பாடம் கிடைக்கும்.

இதையெல்லாம் அன்றாடம் ரோட்டில் ஓட்டும் வண்டிக்குள் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. ஹெல்மெட்டும் சரியான பெல்ட்டும் இல்லாமல் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. சாதாரண மோதலிலேயே மண்டை அதில் இடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி வடிவமைப்பை மாற்றத் தடை போடுகிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. கூண்டுக்கு இடம் போட்டித் தடமும் சொந்த நிலமும்தான்.

இந்தியாவில் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கும் இடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2007 முதல் பீதம்பூரில் நடக்கத் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. போட்டி. பொறியியல் மாணவர்கள் ஒற்றை ஆள் மேட்டு வண்டியைத் தாங்களே கட்டி ஓட்டுகிறார்கள். கார்பன் குறைந்தது 0.18 சதவீதம் உள்ள, 25 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட குழாய், அல்லது அதற்கு நிகரான உறுதி என்பது அங்கே அடிப்படை. அந்த வகைப் போட்டி விதிகளில் என் மனதைக் கவர்ந்தது வேறொன்று. வெல்டிங் வைக்கிறவர் அதே குழாயில் மாதிரி மூட்டு செய்து, ஒன்றை இழுத்துக் கிழித்தும் இன்னொன்றை நடுவில் அறுத்தும் காட்ட வேண்டும். அறுத்த முகத்தை அரம் போட்டு வழவழப்பாக்கி, அமிலம் தொட்டுத் துடைத்தால், உருகிய இரும்பு குழாய்க்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது நிறம் பிரிந்து தெரியும். மீன்வாய் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருந்தது என்பதும் அதே முகத்தில் தெரிந்துவிடும். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் கூண்டு கட்டக் கொடுப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே அந்த அறுத்த துண்டைக் கேட்கலாம். ஒரு முழம் குழாயும் அரைமணி நேரமும்தான் செலவு.