நட்பு என்றொரு சொல்லாடல்: திருப்பூரிலிருந்து சில குறிப்புகள்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாயிற்று. அந்த வாரம் ஒருநாள், என் அக்கா வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வாசலில் ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து ஒரு தொலைக்காட்சிக்காரர் மைக்கோடு வந்து நின்றிருக்கிறார். 'மோடி - டிரம்ப் நட்பு முறிந்துவிட்டதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' அக்கா பதினான்கு வருஷமாகச் செக்கிங்கில் இருப்பவர். 'அதென்னமோ தெரியலீங்க, சனிக்கிழமை சம்பளம் வந்தாச் சரிங்க' என்றுவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார். இரவுச் செய்தியில் அவர் இல்லை. பின்னால் வந்த ஒருவர் 'முதுகுல குத்திட்டாங்க' என்றாராம். அது மட்டும் வந்தது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1972இல் நிகழ்த்திய உரை ஒன்றின் தலைப்பு 'பொதுக்கருத்து என்பது இல்லை'. கருத்துக் கணிப்புகள் சில அனுமானங்களின் மேல் நிற்கின்றன என்கிறார் அவர். எல்லோராலும் கருத்துச் சொல்ல முடியும், எல்லாக் கருத்துக்கும் எடை ஒன்றே, கேட்கத் தகுந்த கேள்வி எது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு. இந்த மூன்றாவதுதான் விவகாரமானது. 'நட்பு முறிந்ததா' என்று கேட்கும்போதே நட்பு இருந்தது என்று நீங்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும். அக்காவின் 'தெரியலீங்க' அறியாமை அல்ல. அந்தக் கேள்விக்குள் நுழைய மறுப்பது.

நட்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 2019 செப்டம்பர் 22 ஹூஸ்டன் மேடையில் இரண்டு தலைவர்களும் கைகோத்து நடந்தார்கள். 2020 பிப்ரவரி 24 அகமதாபாத் மொட்டேரா மைதானத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்போது எங்கள் ஊரில் அதை ரசித்தவர்கள் ஏராளம். எக்ஸ்போர்ட் முதலாளிகள் மட்டுமல்ல, நாலு பவர்டேபிள் போட்டு ஜாப்ஒர்க் செய்கிற என் மச்சான்கூட அந்தப் படத்தை செல்போன் முகப்பில் வைத்திருந்தார். இத்தனைக்கும் திருப்பூர் தொகுதி 2019லும் 2024லும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயனைத்தான் மக்களவைக்கு அனுப்பியது. ஓட்டு ஒரு பக்கம், ரசனை ஒரு பக்கம்! இதை முரண்பாடு என்று சொல்லித் தாண்டிவிட எனக்கு மனமில்லை. வெளியுறவு என்பதை ஜனங்கள் அரசியலாக அல்ல, கல்யாண வீடு மாதிரி வேடிக்கை பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்.

பழக்கியது இவர்கள் மட்டும் என்று இடதுசாரி நண்பர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம். 1971 ஆகஸ்ட் 9 இந்திய - சோவியத் உடன்படிக்கையின் பெயரிலேயே அமைதி, நட்பு, ஒத்துழைப்பு என்று எல்லாம் இருந்தன. கட்டிங் மாஸ்டராக இருந்த என் பெரியப்பா வீட்டில் 'சோவியத் நாடு' இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அந்த வழவழப்பான தாளில்தான் என் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். சங்கத்தில் முதலாளியோடு பைசா பைசாவாகப் பஞ்சப்படிக்குச் சண்டை போட்ட பெரியப்பா, அந்த நட்பின் கணக்கை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

திருக்குறளில் நட்பு வருவது பொருட்பாலில் என்பதைத் தமிழ் எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம், யோசித்ததில்லை. 79ஆம் அதிகாரம் நட்பு. அடுத்ததே நட்பாராய்தல். பிறகு தீ நட்பு, கூடாநட்பு. மேடைகளில் மேற்கோளாவது பெரும்பாலும் 79 மட்டுமே. ஆராய்கிற வேலையை யார் செய்வது? நம் நாட்டில் பிறநாட்டு ஒப்பந்தம் செய்துகொள்ள அரசாங்கம் நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. அமெரிக்காவோடான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு, 2008 ஜூலை 22 அன்று நடந்த வாக்கெடுப்புகூட ஒப்பந்தத்தின் மீதானதல்ல, அரசாங்கம் இருக்க வேண்டுமா என்பதன் மீதானது. 275க்கு 256. நட்பை ஆராய வந்த ஒரே சந்தர்ப்பமும் நாற்காலி எண்ணுவதாக முடிந்தது.

இந்த இரண்டு நட்புகளும் மோதிக்கொண்ட இடம்தான் 2025 ஆகஸ்ட். முதல் 25 சதவீதம் 7ஆம் தேதி. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவீதம் 27ஆம் தேதி. பழைய சிநேகிதனிடம் எண்ணெய் வாங்கியதற்குப் புதிய சிநேகிதன் போட்ட அபராதம், இரண்டையும் வேடிக்கை பார்த்த ஊரின் தலையில் விழுந்தது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம். பருத்திப் பனியனில் முப்பது சதவீத வித்தியாசத்தைத் தாங்குகிற லாபம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீதத் தீர்வையை ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு நிறுத்திவைத்தது. மில்காரர்கள் வரவேற்றார்கள், விவசாயிகள் சங்கங்கள் எதிர்த்தன. நமக்குப் பஞ்சு விற்கும் நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. அடித்தவன் சரக்குக்கும் சேர்த்துத்தான் கதவு திறந்தது.

அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் நானே கேட்டேன், மைக் இல்லாமல்.

'பையர் வர்றான்னா ரெண்டு நாளைக்கு முன்னயே கக்கூசு கழுவி, எங்களுக்கெல்லாம் மாஸ்க் குடுத்து, தீயணைக்கிற சிலிண்டரத் தொடச்சு வெப்பாங்கடா தம்பி. வந்தா மால போடுவாங்க. அவனும் சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்துக்குவான். ஊருக்குப் போயி, பீசுக்கு அஞ்சு சென்ட் கொறைன்னு மெயிலு போடுவான். மால போட்டனேன்னு மொதலாளி அழுதா ஆகுமா? இவிகளும் மால போட்டாங்க. அவனென்ன கூட்டாளியா, பையரு.'

மேலாண்மை பற்றிக் கிராம்ஷியை வைத்து நாம் எழுதிக் குவித்தவற்றில் இவ்வளவு துல்லியமாக ஒரு பத்தி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் இதை ரொமான்டிக்காக்கிவிடவும் பயமாயிருக்கிறது. 'துரோகம்' என்கிற சொல்லாடலில் அக்கா சிக்கவில்லை, சரி. பையர் திரும்பி வரணும் என்றுதான் அவரும் வேண்டிக்கொள்கிறார். அந்தக் கம்பெனியில் ராத்திரி வேலை நின்றதும் முதலில் அனுப்பப்பட்டவர்கள் ஒடிசாப் பையன்கள். அவர்களைப் பற்றிக் கேட்டபோது, 'அவனுகளுக்கென்ன, ஊருக்குப் போயிருவானுக' என்றார். கேமராக்காரர் அவர்களிடம் கேட்கவேயில்லை, பாஷை தெரியாது. எனக்கும் தெரியாது. பொதுக்கருத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று பூர்தியுவைப் பிடித்துக்கொண்டு எழுதுகிற நான், ஒரு ஒடியாச் சொல்லும் தெரியாமல் இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிப்போம் என்றும் அப்போது குரல் எழுந்தது. திருப்பூரில் அதைச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை, சங்கடமாக இருந்தது. 1974 முதல் 2004 முடிய கோட்டா இருந்த காலத்தில் எத்தனை டஜன் அமெரிக்காவுக்குள் நுழையலாம் என்பதற்கு உச்சவரம்பு போட்டுத்தான் வைத்திருந்தார்கள். கட்டிப்பிடிப்பு எதுவும் இல்லாத காலம் அது. வரம்பு போட்ட கையும் வரி போட்ட கையும் ஒன்றுதான் என்று யாராவது ஞாபகப்படுத்தியிருந்தால், புறக்கணிப்பைவிட உபயோகமாக இருந்திருக்கும். நானும் எழுதவில்லை. 2019இல் ஹூஸ்டனைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதினேன், அவ்வளவுதான்.

வரி பிறகு எப்படி எப்படி மாறியது என்பது வேறு கட்டுரை. அந்த ஆகஸ்டில் அக்காவின் மேஜையில் நின்றுபோன சரக்கில் கழுத்து லேபிளும் டாலர் விலைச்சீட்டும் ஏற்கெனவே ஏறியிருந்தன. வேறு தேசத்துக்குத் திருப்ப முடியாது. இரண்டு மாசம் கழித்து அது காதர்பேட்டைக் கடைகளுக்குப் போவதென்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் லேபிளை வெட்டி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெண்களை உட்காரவைத்துப் பீசுக்கு எத்தனை பைசா என்று ரேட் பேசியிருக்கிறார்கள். சொன்ன ரேட் கட்டுப்படியாகாது என்று அக்கா எழுந்து வந்துவிட்டார்.